உச்சிவேளைக்கு வரும் ரயில்: ‘ஹை நூன்’ படத்தை மீண்டும் பார்க்கையில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் குதிரையில் ஊருக்குள் நுழைகிறார்கள். தேவாலய மணி அடித்துக்கொண்டிருக்கிறது. தெருவோரம் நிற்கும் மெக்சிக மூதாட்டி ஒருத்தி அவர்களைக் கண்டதும் சிலுவைக் குறி இட்டுக்கொள்கிறாள். அவர்கள் யாரையும் சீண்டாமல் ஊரைக் கடந்து ரயில் நிலையத்துக்குப் போய், நண்பகல் வண்டி சரியான நேரத்துக்கு வருமா என்று விசாரித்துவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறார்கள். 1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹை நூன்’ இப்படித்தான் தொடங்குகிறது. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த மூவரும் தண்டவாளத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். நடுவில் ஒருவன் மதுக்கடைவரை போய்வருகிறான், அவ்வளவே. துப்பாக்கிச் சண்டைக்காகவே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிய அமெரிக்கக் கௌபாய் படவகையில், மொத்தம் 85 நிமிடம் ஓடும் இந்தப் படத்தின் கடைசிச் சில நிமிடங்கள்வரை சண்டையே தொடங்குவதில்லை.

அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது? ஒரு மனிதன் வீடு வீடாகப் போய் உதவி கேட்கிறான். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லிக் கைவிரிக்கிறார்கள். இளவயதில் பார்த்தபோது, கடைசிச் சண்டைக்கு முன்பு கடந்துபோக வேண்டிய நீண்ட முன்னுரையாகவே அந்தப் பகுதி எனக்குத் தோன்றியது. இப்போது திரும்பப் பார்க்கையில், சண்டைதான் பின்னுரையாகத் தெரிகிறது. படத்தின் உயிர் அந்தக் கைவிரிப்புகளில் இருக்கிறது. அவை எங்கிருந்து வந்தன, ஏன் இவ்வளவு மெய்யாக ஒலிக்கின்றன என்று விசாரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை எளியது. ஹேட்லிவில் என்னும் சிற்றூரின் காவல் தலைவரான மார்ஷல் வில் கேன், அன்று காலை ஏமி ஃபௌலர் என்ற இளம்பெண்ணை மணந்துகொண்டு, பதவி விலகி, வேறூருக்குப் போய்க் கடை வைத்துப் பிழைக்கத் தயாராக இருக்கிறார். ஏமி, எந்தச் சூழலிலும் வன்முறையை ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவள். மார்ஷல் சின்னமான தகர நட்சத்திரத்தைச் சட்டையிலிருந்து கழற்றி வைத்த சற்று நேரத்திலேயே தந்தி வருகிறது: ஐந்தாண்டுகளுக்கு முன் கேன் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுவிக்கப்பட்டுவிட்டான், நண்பகல் ரயிலில் வருகிறான், பழிவாங்க வருகிறான். ரயில் நிலையத்தில் காத்திருக்கும் மூவரும் அவனுடைய ஆள்கள். புதிய மார்ஷல் மறுநாள்தான் வந்து சேர்வார். நண்பர்கள் கேனையும் மனைவியையும் வண்டியில் ஏற்றி விரட்டாத குறையாக அனுப்பிவைக்கிறார்கள். ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் கேன் வண்டியைத் திருப்புகிறார். ஓடினால் எப்படியும் பின்தொடர்ந்து வருவார்கள், திறந்த வெளியில் தனியாக மாட்டிக்கொள்வோம் என்பது அவர் சொல்லும் காரணம். சொல்லாத காரணமும் ஒன்று அவருக்குள் இருப்பதை அவருடைய முகம் காட்டுகிறது. துணைக்குச் சிலரைச் சேர்த்துக்கொண்டால் போதும், முன்பும் அப்படித்தானே செய்தோம் என்ற நம்பிக்கையோடு அவர் திரும்பி வருகிறார்.

முதலில் ஒதுங்கிக்கொள்பவர், மில்லருக்குத் தண்டனை விதித்த அதே நீதிபதி. பேசிக்கொண்டே சுவரில் தொங்கும் தேசியக் கொடியை மடிக்கிறார், தராசை எடுத்துப் பைக்குள் வைக்கிறார். கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஏதென்ஸ் நகரத்துக் கதை ஒன்றையும் சொல்கிறார்: துரத்தப்பட்ட கொடுங்கோலன் கூலிப்படையோடு திரும்பி வந்தபோது, அவனைத் துரத்திய அதே மக்கள் கதவைத் திறந்துவிட்டு, நல்லாட்சி நடத்தியவர்கள் கொல்லப்படுவதை நின்று பார்த்தார்களாம். வரலாறு தெரிந்தவர் வரலாற்றை மேற்கோள் காட்டிவிட்டுக் குதிரை ஏறுகிறார். துணை அதிகாரி ஹார்வி பெல், தன்னை அடுத்த மார்ஷலாகப் பரிந்துரைத்தால் உடன் நிற்பதாகப் பேரம் பேசுகிறான். கேன் அதற்கு இணங்காததால் நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறான். மதுக்கடையில் இருப்பவர்களில் சிலர் மில்லரின் நண்பர்கள், மற்றவர்கள் மார்ஷலுக்கு விழப்போகும் குண்டைப் பற்றிப் பந்தயம் பேசுபவர்கள். மில்லர் இருந்த காலத்தில்தான் தொழில் நன்றாக நடந்தது என்று விடுதி எழுத்தர் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்.

சாம் ஃபுல்லர் என்ற நண்பர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, தேவாலயத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி மனைவியை வாசலுக்கு அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனை விட்டுவிட்டுத் தனியாக வீட்டில் இருக்கும் மனைவியின் முகத்தைக் கேன் பார்க்கிறார். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொய் சொல்ல வைக்கப்பட்டவளின் அவமானத்தை அந்த நடிகை சில நொடிகளில் காட்டிவிடுகிறார். கேன் போனபின் உள்ளேயிருந்து வெளிப்படும் கணவன் மனைவியிடம் எரிந்து விழுகிறான்: நான் சாக வேண்டுமா, நீ விதவையாக வேண்டுமா என்று. கோழையின் குரலாக இதை ஒதுக்கிவிட முடியாது. நம் வீட்டு வரவேற்பறையில் நாமே கேட்டிருக்கக்கூடிய குரல் அது.

இந்த வரிசையின் உச்சம் தேவாலயக் காட்சி. கேன் உள்ளே நுழைந்து உதவி கேட்டதும் முதலில் சில ஆண்கள் துடிப்போடு எழுந்து கிளம்புகிறார்கள். அப்போது ஒருவர், சற்றுப் பொறுங்கள் என்கிறார். இவர் இப்போது மார்ஷல் இல்லையே? இது இவருக்கும் மில்லருக்கும் உள்ள சொந்தப் பகை இல்லையா? காவலுக்கு என்றுதானே வரி கட்டுகிறோம்? வடக்கே உள்ள அரசியல்வாதிகள் அவனை விடுவித்தால் நாம் எதற்கு விலை கொடுக்க வேண்டும்? குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஊர் விவாதிக்கிறது. ஒரு பெண் எழுந்து, தெருவில் பெண்கள் அச்சமின்றி நடக்கும் நிலையை உண்டாக்கித் தந்தவர் இவரல்லவா என்று கேட்கிறாள். போதகரைக் கேட்டால், கொலை செய்யாதே என்ற கட்டளைக்கும் கண்முன் நிற்கும் ஆபத்துக்கும் நடுவே தடுமாறி, யாரையும் சாகப் போ என்று சொல்ல என்னால் முடியாது என்கிறார். இறுதியில் ஊரின் பெரிய மனிதரும் கேனின் நெருங்கிய நண்பருமான ஜோனாஸ் ஹெண்டர்சன் எழுகிறார். தாமஸ் மிட்செல் நடித்த இந்தப் பாத்திரத்தின் பேச்சு, திரைக்கதை எழுதுவோர் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய ஒன்று. கேன் செய்ததையெல்லாம் நன்றியோடு பட்டியலிடுகிறார். இந்த ஊர் இவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்கிறார். கேட்கும் நமக்கே ஒரு நிம்மதி பிறக்கிறது. பிறகு, வடக்கே உள்ளவர்கள் இந்த ஊரில் முதலீடு செய்ய யோசித்து வருகிறார்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை என்ற செய்தி போனால் அந்தப் பணம் வராது என்கிறார். கடைசியில், நீங்கள் இங்கே இல்லாவிட்டால் சண்டையே இருக்காது, ஆகவே போய்விடுங்கள் என்று அன்பாகவே முடிக்கிறார். புகழ்மொழியாகத் தொடங்கிய பேச்சு ஊர்விலக்காக முடிந்தது அங்கிருந்தோர் யாருக்கும் உறைக்கவில்லை. கேனுக்கு உறைக்கிறது. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறுகிறார்.

இந்தப் பேச்சுகளை எழுதிய கார்ல் ஃபோர்மனுக்கு அவற்றை எங்கும் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. 1947இல் இதழொன்றில் ஜான் கன்னிங்ஹாம் எழுதிய ஒரு சிறுகதை தம்முடைய கதைக்கருவோடு ஒத்திருந்ததால், அதன் உரிமையை வாங்கிக்கொண்டு திரைக்கதை எழுதத் தொடங்கியவர் அவர். எழுதிக்கொண்டிருந்த 1951ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள் விசாரணைக் குழு’விடமிருந்து அவருக்கு அழைப்பாணை வந்தது. கம்யூனிஸ்டுகள் ஹாலிவுட்டில் ஊடுருவியிருப்பதாகச் சொல்லி இந்தக் குழு முதல் சுற்று விசாரணையை 1947இல் நடத்தியிருந்தது. அப்போது கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் நாடாளுமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றார்கள். திரைநிறுவனங்கள் அவர்களுக்கு வேலை இல்லை என்று அறிவித்தன. கறுப்புப் பட்டியல் என்று பின்னர் அறியப்பட்ட நடைமுறை அங்கே தொடங்கியது. இரண்டாம் சுற்றில் கேள்வி இன்னும் கூர்மையாயிற்று: நீ கட்சியில் இருந்தாயா என்பதோடு நிற்கவில்லை, உன்னோடு இருந்தவர்கள் யார், பெயர்களைச் சொல் என்றார்கள். பெயர் சொன்னவருக்குத் தொழில் மிஞ்சியது. சொல்லாதவர் நண்பர்களின் வீட்டுத் தொலைபேசிகள் திடீரென்று ஓய்ந்துபோவதைக் கண்டார்.

ஃபோர்மன் முன்பு கட்சி உறுப்பினராக இருந்து, விலகியிருந்தவர். 1951 செப்டம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, குழுவின் முன் நின்ற அவர், இப்போது தாம் உறுப்பினர் இல்லை என்று சொன்னாரே தவிர, கடந்த காலத்தைப் பற்றிப் பேசவும் பிறர் பெயர்களைச் சொல்லவும் மறுத்துவிட்டார். தயாரிப்பு நிறுவனத்தில் அவருடைய கூட்டாளியும் நெடுநாள் நண்பருமான ஸ்டான்லி கிராமருக்கும் அவருக்கும் இடையே பிளவு அந்த வாரங்களிலேயே முற்றியது. கிராமர் தரப்பு இதை வேறுவிதமாக விவரித்ததையும் சொல்லியாக வேண்டும். ஆனால் விளைவில் ஐயமில்லை. அவ்வாண்டு இறுதிக்குள் ஃபோர்மனின் பங்கு பணம் கொடுத்து முடித்துவைக்கப்பட்டது; துணைத் தயாரிப்பாளர் என்ற அவருடைய பெயர் படத்தில் இடம்பெறவில்லை. திரைக்கதை ஆசிரியர் என்ற பெயர் மட்டும் தப்பியது. அவர் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவரும், அவருக்குப் பின் மைக்கேல் வில்சனும் எழுதிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ 1957இல் வெளிவந்து திரைக்கதைக்கான ஆஸ்கர் பெற்றபோது, அந்த விருது மூலநாவலாசிரியரான பிரெஞ்சுக்காரர் பியர் பூலின் பெயருக்குப் போயிற்று. எழுதிய இருவருக்கும் அது முறையாக வழங்கப்பட்ட 1980களில் இருவருமே உயிரோடு இல்லை.

தாம் எழுதிய உரையாடல்களில் பலவும் அந்நாள்களில் நண்பர்களிடமிருந்து தமக்கே கிடைத்த பதில்கள்தாம் என்ற பொருள்பட ஃபோர்மன் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். இதை அறிந்தபின் படத்தைப் பார்த்தால் தேவாலயக் காட்சியில் ஒன்று விளங்குகிறது. அவர் தம்மைக் கைவிட்டவர்களை அரக்கர்களாக எழுதவில்லை. ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய மிகச் சிறந்த வாதத்தைக் கொடுத்திருக்கிறார். குடும்பம், வரி, சட்டம், ஊரின் வருங்காலம், மதக் கட்டளை ஆகியவற்றில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. மெய்யான காரணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால் ஒரு மனிதன் தெருவில் தனியாக நிற்கும் நிலை எப்படி உண்டாகிறது என்பதை, கோபத்தை அடக்கிக்கொண்டு, கணக்குப் போடுபவரின் பொறுமையோடு அவர் காட்டுகிறார். காயம்பட்டு எழுதிய ஒருவரிடம் இந்த நியாயம் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இயக்குநர் ஃப்ரெட் ஸின்னமன் வேறொரு பாதையில் இந்தக் கதைக்கு வந்தவர். 1907இல் பிறந்து வியன்னாவில் வளர்ந்த யூதரான அவர் இளவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட அவருடைய பெற்றோர் இருவரும் நாஜிகளின் யூத இன அழிப்பில் மாண்டார்கள். படத்தைக் குறிப்பிட்ட ஓர் அரசியல் நிகழ்வின் உருவகம் என்று சுருக்குவதை அவர் விரும்பவில்லை. மனசாட்சியின்படி முடிவெடுக்க வேண்டிய ஒருவனின் கதை, அது எங்கும் எப்போதும் நடக்கக்கூடியது என்பதே அவர் நிலை. எழுதியவர் ஹாலிவுட்டை நினைத்து எழுதினார், எடுத்தவர் அதைவிட அகலமான ஒன்றை நினைத்து எடுத்தார் என்று கொள்ளலாம். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்ததனால்தான் படம் துண்டுப்பிரசுரமாகச் சுருங்காமல் தப்பியது என்று எனக்குத் தோன்றுகிறது.

காட்சிமொழியை ஸின்னமன் மூன்று பொருள்களைக் கொண்டு அமைத்தார். ஒன்று, அசையாத தண்டவாளம்: தொடுவானம்வரை நீளும் இரண்டு கோடுகள், ஆபத்து வரப்போகும் திசை. இரண்டாவது, ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் கறுப்பு உடை மனிதன். மூன்றாவது, கடிகாரம். கதை காலை பத்தரை மணிவாக்கில் தொடங்கி நண்பகல் கழிந்த சற்று நேரத்தில் முடிகிறது. திரையில் ஓடும் நேரமும் கதையின் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. அலுவலகம், விடுதி, மதுக்கடை என்று எங்கே போனாலும் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. நேரம் நெருங்க நெருங்க அவை திரையில் பெரிதாகின்றன, ஊசல் கனமாக ஆடுகிறது. இந்தக் கடிகாரங்களின் அழுத்தத்துக்கு யார் காரணம், திரைக்கதையா, இயக்கமா, எல்மோ வில்லியம்ஸின் படத்தொகுப்பா என்பதில் சம்பந்தப்பட்டவர்களிடையே பின்னாளில் நீண்ட தகராறு இருந்தது. எழுத்தும் இயக்கமும் வெட்டும் ஒன்றோடொன்று இவ்வளவு பிணைந்திருக்கும் படத்தில் அதைப் பிரித்துப் பார்ப்பது வீண்வேலை என்பது என் எண்ணம்.

தண்டவாளக் காட்சியை எடுத்தபோது நடந்ததை ஸின்னமன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவரும் ஒளிப்பதிவாளரும் தண்டவாளத்தின்மேல் கேமராவோடு படுத்திருக்க, தொலைவில் ரயில் வெண்புகையோடு வந்தது. பிறகு கரும்புகை எழுந்தது. அழகாக இருக்கிறது என்று இருவரும் ரசித்துக்கொண்டிருந்தார்களாம். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு ஓட்டுநர் காட்டிய அடையாளம் அந்தக் கரும்புகை என்பது அவர்களுக்குத் தெரியாது. கடைசி நொடியில் அவர்கள் உருண்டு தப்பினார்கள், கேமரா நொறுங்கியது, உள்ளே இருந்த படச்சுருள் மட்டும் பிழைத்துப் படத்தில் இடம்பெற்றது.

கறுப்பு வெள்ளை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் படத்தின் கறுப்பு வெள்ளை அக்காலத்து மற்ற கௌபாய் படங்களின் கறுப்பு வெள்ளையிலிருந்து வேறுபட்டது. அந்நாளில் வெளிப்புறக் காட்சி எடுப்பவர்கள் வில்லையின் முன் சிவப்பு அல்லது மஞ்சள் ஃபில்டர் பொருத்துவது வழக்கம். அது வானத்தின் நீலத்தைத் தடுத்துவிடுவதால் வானம் கருமையாகப் பதிவாகும். அதன்மேல் வெண்மேகங்கள் சிற்பம்போல் எழும்பி நிற்கும். பெருங்கனவின் நிலப்பரப்பாக மேற்கு அமெரிக்காவைக் காட்ட அந்தக் கருவானம் உதவியது. ஒளிப்பதிவாளர் ஃப்ளாய்ட் கிராஸ்பியும் ஸின்னமனும் அந்த ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தவை அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மேத்யூ பிரேடி எடுத்த புகைப்படங்கள்: வெளிறிய வானம், தட்டையான ஒளி, கரடுமுரடான மண், அலங்காரமற்ற முகங்கள். அந்தக் காலத்தில் செய்திப்படம் எடுக்க வழி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

விளைவு, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத ஊர். வெள்ளைத் தாள்போல் வெறுமையான அந்த வானத்துக்கு எதிரே கறுப்பு மேலங்கி அணிந்த கேன் நடக்கும்போது அவர் மறைந்துகொள்ள ஓர் இடமும் இல்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. உச்சிவேளையில் நிழல் காலடியில் சுருண்டுவிடும் என்பார்கள். கிராமங்களில் அந்த நேரத்தில் தனியே வெளியே போகாதே என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. அந்த வெயிலை இந்தப் படம் அளவுக்கு உணரவைத்த கறுப்பு வெள்ளைப் படத்தை நான் வேறு பார்த்ததில்லை. வண்ணத்தில் எடுத்திருந்தால் வானம் நீலமாகி, மரம் பச்சையாகி, ஊர் அழகாகியிருக்கும். கண்ணுக்கு இளைப்பாற ஓர் இடம் கிடைத்திருக்கும். அதை மறுத்ததுதான் இவர்களுடைய சாதனை.

அந்த ஒளி, கேனாக நடித்த கேரி கூப்பரின் முகத்தையும் விட்டுவைக்கவில்லை. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 50, மணப்பெண்ணாக நடித்த கிரேஸ் கெல்லிக்கு 21. இந்த இடைவெளி இன்று உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். கூப்பருக்கு அப்போது வயிற்றுப்புண்ணும் முதுகுவலியும் இருந்தன. அவற்றை ஒப்பனையால் மறைக்க முயலாமல் சுருக்கங்களோடும் வியர்வையோடும் அருகிலிருந்தே படமாக்கினார்கள். திரையில் நாம் பார்க்கும் வலியில் ஒரு பகுதி நடிப்பல்ல. கேன் அஞ்சுகிறார், அலுவலகத்தில் தனியாக உயில் எழுதும்போது அவருக்கு அழுகை வரும்போலிருக்கிறது. வீரநாயகனாக இருபத்தைந்து ஆண்டுகள் திரையில் வாழ்ந்த ஒரு நடிகர் அச்சத்தை இவ்வளவு திறந்து காட்டச் சம்மதித்தது, அந்தக் காலத்தில் சிறிய செய்தி அல்ல. இன்னொன்றும் இங்கே சொல்லத் தகும். கூப்பர் வலதுசாரிக் கருத்துடையவர். 1947இல் அதே விசாரணைக் குழுவின் முன் அதற்கு ஆதரவான சாட்சியாகப் போய் வந்தவர், யாருடைய பெயரையும் சொல்லாமல். 1951இல் ஃபோர்மன் தொடங்கவிருந்த புதிய நிறுவனத்தில் பங்கேற்பதாக அறிவித்துவிட்டு, எழுந்த நெருக்கடியால் சில நாள்களிலேயே விலகிக்கொண்டார். ஃபோர்மன்மீது தமக்குள்ள நம்பிக்கையை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. திரையில் கைவிடப்பட்டவராக நடித்தவருக்கு வெளியே கைவிடும்படி அழுத்தம் வந்ததையும், அவர் அதற்குப் பாதி பணிந்து பாதி நிமிர்ந்து நின்றதையும் நான் குற்றப்பத்திரிகையாகச் சொல்லவில்லை. படம் பேசும் பொருள் அதை எடுத்தவர்களையே எவ்வளவு நெருங்கிச் சூழ்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

டிமிட்ரி டியோம்கின் இசையமைத்து நெட் வாஷிங்டன் எழுதிய பாடலை டெக்ஸ் ரிட்டர் தொடக்கம் முதலே பாடிக்கொண்டு வருகிறார். மணநாளில் என்னைக் கைவிட்டுவிடாதே என்று ஒருவன் தன் அன்புக்குரியவளிடம் கெஞ்சும் பாட்டு அது. பெரிய வாத்திய முழக்கத்தோடு தொடங்குவது வழக்கமாக இருந்த காலத்தில், குதிரைக் குளம்புபோல் ஒரே சீரில் ஒலிக்கும் தாளமும் ஒற்றைக் குரலுமாகத் தொடங்கியது புதுமை. அந்த மெட்டே படம் முழுவதும் பின்னணி இசையாக உருமாறி வருகிறது. பன்னிரண்டு மணியை நோக்கி நகரும் நிமிடங்களில், ஊசலின் ஆட்டத்துக்கு இசைவாக, இதுவரை உதவி மறுத்த ஒவ்வொருவரின் முகமாக வெட்டி வெட்டிக் காட்டி, காலியான நாற்காலியில் நிறுத்தி, சட்டென்று ரயிலின் ஊதல் ஒலிக்கும் அந்தத் தொகுப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அதற்குப் பின்னர் வரும் புகழ்பெற்ற காட்சியில் கேன் வெறிச்சோடிய தெருவில் நிற்கிறார். கேமரா அவர் முகத்திலிருந்து பின்வாங்கி, கிரேன்மேல் ஏறி, கூரைகளுக்கு மேலே உயர்ந்துகொண்டே போகிறது. சன்னல்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிறிய கறுப்புப் புள்ளி திரும்பி நடக்கத் தொடங்குகிறது.

படத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான பாத்திரம் கேன் அல்ல, ஹெலன் ரமிரெஸ். மெக்சிக நடிகை கேட்டி ஹுராடோ நடித்த இந்தப் பெண் முன்பு மில்லருக்கும் பிறகு கேனுக்கும் காதலியாக இருந்தவள். ஊரில் சொந்தமாகத் தொழில் நடத்தியும், மெக்சிகப் பெண் என்பதால் மரியாதைக்குரிய குடும்பங்களின் வட்டத்துக்கு வெளியிலேயே வைக்கப்பட்டவள். ஊர் எந்தப் பக்கம் சாயும் என்பதை எல்லாருக்கும் முன்பே கணித்துவிடுபவள் அவள்தான். அந்த ஊர் தன்னை நடத்திய விதத்திலிருந்தே அது கேனை எப்படி நடத்தும் என்பதை அவள் அறிந்திருக்கிறாள். கேன் செத்தால் இந்த ஊரும் செத்துவிடும் என்று சொல்லிவிட்டு, கடையை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போகிறாள். ஏமியிடம், அவர் என் கணவராக இருந்தால் நான் துப்பாக்கியை எடுத்துப் போராடுவேன் என்று அவள் சொல்லும் இடம், இரண்டு பெண்களையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்திப் படம் தன்னையே கேள்வி கேட்கும் இடம். கேன் சண்டைக்கு நின்றால் அதே நண்பகல் ரயிலில் போய்விடுவது என்று முடிவெடுத்திருக்கும் ஏமி, தந்தையும் அண்ணனும் சுடப்பட்டு இறந்ததைப் பார்த்தபின்தான் தான் குவேக்கர் ஆனதாகச் சொல்கிறாள். அவளுடைய மறுப்பு அச்சத்தால் வந்ததல்ல, கண்டதனால் வந்தது. ஆனால் முதல் குண்டின் ஒலி கேட்டதும் ரயிலிலிருந்து இறங்கி ஓடிவந்து, கணவனைக் காக்க ஒருவனைப் பின்னாலிருந்து சுட்டுக் கொல்பவளும் அவளே. அவளுடைய நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்று படம் நின்று கேட்பதில்லை. இந்தப் படத்தில் எனக்குள்ள பெரிய குறை இதுவே: ஊராரின் ஒவ்வொரு சாக்குக்கும் நேரம் ஒதுக்கிய திரைக்கதை, உண்மையான கொள்கையோடு மறுத்த ஒரே ஆளுக்கு, அதை இழந்த பின்னர், ஒரு நிமிடம்கூடத் தரவில்லை.

படம் வெளிவந்ததும் பெருவெற்றி பெற்றது. 1953 மார்ச்சில், முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆஸ்கர் விழாவில், சிறந்த நடிகர், படத்தொகுப்பு, இசை, பாடல் ஆகிய நான்கு விருதுகள் கிடைத்தன. சிறந்த படத்துக்கான விருது செசில் பி. டிமில்லின் சர்க்கஸ் படத்துக்குப் போனது. வெளியூரில் இருந்த கூப்பருக்காக மேடையேறி விருதைப் பெற்றுக்கொண்டவர் கௌபாய் படங்களின் நட்சத்திர நடிகர் ஜான் வெய்ன். இந்தப் பாத்திரம் ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்று தம் ஆள்களைக் கேட்கப்போவதாக அன்று மேடையில் பேசிய அதே வெய்ன், 1971ஆம் ஆண்டுப் பேட்டியில், தாம் பார்த்ததிலேயே மிகவும் அமெரிக்கத்தனம் அற்ற படம் இது என்றார். ஃபோர்மனை நாட்டைவிட்டு விரட்ட உதவியதற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். கேன் நட்சத்திரத்தைக் காலில் போட்டு மிதிப்பதாக அவர் நினைவுகூர்ந்தார். படத்தில் அப்படி எதுவும் இல்லை. நினைவு கோபத்துக்கு ஏற்றபடி காட்சியை மாற்றிக்கொண்டுவிட்டது.

இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் மறுப்பு தொழில்முறையானது, ஆகவே அதிக கவனத்துக்குரியது. நல்ல காவல் அதிகாரி ஊரெல்லாம் ஓடி உதவிக்குக் கெஞ்ச மாட்டான், கடைசியில் மனைவி வந்து காப்பாற்றும்படி விடவும் மாட்டான் என்பது அவர் வாதம். வெய்னை வைத்து 1959இல் அவர் எடுத்த ‘ரியோ பிராவோ’வில் ஷெரிப், பயிற்சியில்லாதவர்கள் தரும் உதவியை வேண்டாம் என்கிறார், இருந்தும் ஒரு குடிகாரனும் நொண்டிக் கிழவனும் ஓர் இளைஞனும் அவரோடு நிற்கிறார்கள். அருமையான படம். ஆனால் இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். திறமையுள்ளவன் தன் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஹாக்ஸ் கேட்கிறார். அந்த வேலை தன்னுடையதும்தானா என்று ஊர் கேட்டுக்கொள்கிறதா என்பது ஃபோர்மனின் கேள்வி. ‘ஹை நூன்’ படத்திலும் குடிகாரர் ஒருவர் வருகிறார். ஒற்றைக் கண்ணும் நடுங்கும் கையுமாகத் துணைக்கு நிற்கிறேன் என்கிறார், கேன் அவருக்குக் குடிக்கக் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஹாக்ஸ் அந்த ஆளைத் திருப்பி அனுப்பாமல் ஒரு படம் முழுக்கத் தங்கவைத்தார் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

அமெரிக்கத்தனம் அற்றது என்று வெய்ன் பழித்த இந்தப் படத்தை ஐசனோவர், கிளின்டன் போன்ற அமெரிக்க அதிபர்கள் விரும்பிப் பார்த்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே அது போய்ச் சேர்ந்த இடங்களில் மறக்க முடியாதது போலந்து. 1989 ஜூன் 4 அன்று அங்கே நடந்த, ஓரளவுக்கேனும் சுதந்திரமான தேர்தலுக்காகச் சாலிடாரிட்டி என்னும் தொழிற்சங்க இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில், கேரி கூப்பர் நம்மை நோக்கி நடந்து வருகிறார். வலக்கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு. மார்பில் நட்சத்திரத்துக்கு மேலே சாலிடாரிட்டி சின்னம். பின்னால் சிவப்பு எழுத்தில் இயக்கத்தின் பெயர். டோமாஷ் சர்னெட்ஸ்கி வடிவமைத்தது அது. கம்யூனிஸ்ட் என்று துரத்தப்பட்டவர் எழுதிய பாத்திரம், கம்யூனிஸ்ட் ஆட்சியைத் தேர்தலில் எதிர்த்தவர்களின் முகமாயிற்று. இதில் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. உதவி கேட்பவனையும் கதவடைப்பவர்களையும் மட்டும் தெளிவாக வரைந்து, எந்தக் கட்சியின் பெயரையும் எழுதாமல் விட்டதால்தான், சுவரொட்டி வரைந்தவருக்கு அந்த மனிதர் பயன்பட்டார். ஒரு மாற்றத்தையும் அவர் கவனமாகச் செய்திருக்கிறார்: படத்தில் கேனோடு யாரும் வரவில்லை, சுவரொட்டியில் அவருக்குப் பின்னால் ஓர் இயக்கமே நிற்கிறது.

படத்தில் நால்வரும் விழுந்தபின், அதுவரை மூடியிருந்த கதவுகள் திறக்கின்றன. ஊர் முழுவதும் தெருவுக்கு வந்து அமைதியாகச் சூழ்ந்து நிற்கிறது. நன்றி, வாழ்த்து, மன்னிப்பு எதுவும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. கேனும் எதுவும் சொல்லவில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவன், காலையில் நானும் வருகிறேன் என்று கெஞ்சி, வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பதினான்கு வயதுப் பையன். கூட்டத்தில் அவனை மட்டும் பார்த்து லேசாகப் புன்னகைக்கிறார் கேன். மனைவியை ஏற்றிவிட்டு, நட்சத்திரத்தைக் கழற்றிப் புழுதியில் போட்டுவிட்டு, வண்டியில் ஏறிக்கொள்கிறார்.